ஜன்னல்ல வந்து கேளுங்க

ஒரு ஊர்ல ஒரு போனு. கண்ணு செவக்கச் செவக்கப் பார்ப்பியே, அதே மாதிரி போனுதான். அதுக்குள்ள ஒரு விளையாட்டு. விளையாட்டுக்குள்ள ஒரு அரண்மனை. அங்க ஒரு குட்டி சாமான் அறை, அதுக்கு ஒரே ஒரு ஜன்னல். ஜன்னல்ல ஒரு பொண்ணு, பேரு கோமேதகம். ம் கொட்டு பாப்போம்!

அவ எதையும் முன்கூட்டியே செஞ்சு வைக்க மாட்டா. யாராவது வந்து "முரசு குடு"ன்னா, திரும்பி சுவத்துல இருக்கிற ஆணியைப் பார்ப்பா. காலியா? டொக்கு டொக்கு டொக்குன்னு ஒண்ணு செஞ்சு குடுப்பா. வேலை முடிஞ்சு முரசு திரும்பி வந்ததும் அதை ஆணியில மாட்டிடுவா. அப்புறம் யாரு கேட்டாலும் அதே முரசுதான். குட்டி அறையாச்சே, ரெண்டு வைக்க எடம் ஏது?

அப்போ புதுசா ஒரு அதிகாரி வந்தாரு, உலகளந்தாருன்னு. அவரு ஜன்னலுக்கே வரமாட்டாரு. பின்கதவைக் கிரீச்சுன்னு திறந்து எட்டிப் பார்ப்பாரு. முதல் நாள், "தேரு எங்க?" ஆணி காலி. மறுநாள், "பல்லக்கு எங்க?" காலி. மூணாம் நாள், "குடை எங்க?" அதுவும் காலி!

"சோம்பேறி! உனக்கு இனிமே இங்க வேலை இல்ல."

"ஐயா, ஜன்னல்ல வந்து கேளுங்க ஐயா."

"நான் போயி ஜன்னல்ல நிக்கணுமா? போ போ!"

பாவம், அவ எழுந்து வெளிய போனா. அந்த ஜன்னலை விட்டா அவளுக்கு வேற எடமே கிடையாது.

தூங்கிட்டியா? ம்... சரி.

அப்புறம் உலகளந்தாரு வேற ஆளை வச்சாரு. அவன் விடிஞ்சதும் தேரு, பல்லக்கு, அம்பாரின்னு யாரும் கேக்காததை எல்லாம் செஞ்சான். டொக்கு டொக்கு டொக்கு! அறை பிதுங்குது. வெளியில போனை வச்சிருந்த புள்ள பார்க்குது, வட்டம் சுத்தோ சுத்துன்னு சுத்துது, விளையாட்டு திறக்கவே இல்ல. "ச்சே"ன்னு போனைக் கீழ வச்சிடுச்சு. அரண்மனையே இருட்டாயிடுச்சு.

உலகளந்தாரு என்ன செஞ்சாரு? ஓடிப்போயி கோமேதகத்தைக் கூட்டிட்டு வந்தாரு. அவ யாரும் கேக்காத சாமான் எல்லாத்தையும் வெளிய தூக்கிப் போட்டா. புள்ள மறுபடி போனை எடுத்துச்சு, டிங்! விளையாட்டு திறந்துச்சு. திறந்ததும் அதுக்குள்ள சோன்னு மழை! உலகளந்தாரு பழக்க தோஷத்துல பின்கதவுக்கு ஓடினாரு. ஆணி காலி. சொட்டச் சொட்ட நனைஞ்சு ஜன்னலுக்கு வந்தாரு.

"அம்மா கோமேதகம்... ஒரு குடை குடும்மா."

டொக்கு டொக்கு டொக்கு. "இந்தாங்கய்யா."

மறுநாளும் மழை. மறுநாளும் ஜன்னல்லயே வந்து கேட்டாரு. டொக்குச் சத்தமே இல்ல, அதே குடை வந்துச்சு. ரெண்டு பேருக்கும் ஒரே சிரிப்பு.

இந்தக் கதையும் நீ கேட்டப்புறம்தான் செஞ்சேன். இப்ப ஆணியில மாட்டியாச்சு. நாளைக்குக் கேட்டாலும் இதேதான், புதுசு கிடையாது. கண்ணை மூடு.