மூன்று அடுக்குத் தூண்

கருவேலி நாட்டில் காய்ச்சல் ஓய்ந்துவிட்டது. அரசாணை அப்படித்தான் சொன்னது. காய்ச்சலுக்குத்தான் அரசாணையைப் படிக்கத் தெரியவில்லை.

அந்த விஷக்காய்ச்சல் எல்லா நாடுகளுக்கும் வந்தது. மேலைநாட்டு அரசி நங்கை சந்தைகளை மூடினாள். வீடு வீடாக வைத்தியர்களை அனுப்பினாள். செத்தவர் ஒவ்வொருவருக்கும் எல்லையில் ஒரு கல் நட்டாள். கீழைநாட்டு மன்னனோ சங்கு ஊதி நோயை விரட்டச் சொன்னான். அரண்மனை வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்த நோயாளி செத்தால்தான் கணக்கில் சேரும் என்றும் சொன்னான். அந்த வைத்தியர் முதல் ஆளாக ஊரைவிட்டு ஓடிவிட்டார். அதனால் கீழைநாட்டில் யாருமே சாகவில்லை.

கருவேலியின் அமைச்சர் மழவரையர் இன்னும் கெட்டிக்காரர். செத்தவர் ஒவ்வொருவருக்கும் அவர் ஒரு காரணம் கைவசம் வைத்திருந்தார். ஒருவருக்கு மூப்பு. ஒருவர் கால் தவறி விழுந்தார். ஒருவருக்கு மூச்சு நின்றுவிட்டது. ஒருவர்கூட இல்லை என்றால் ஊர் நம்பாது என்று மூன்று பேரை மட்டும் காய்ச்சலுக்கு விட்டுக்கொடுத்தார்.

சாவு ஓயாமல் விழுந்த தென்சேரியின் வாசலைப் பூட்டினார். நோய் என்று எழுத முடியாதே, ‘தெரு மராமத்து’ என்று பலகை மாட்டினார். அரசி நங்கை தன் வைத்தியர்களைக் கஷாயத்தோடு அனுப்பி வைத்தாள். நோயே இல்லாத ஊருக்கு மருந்து எதற்கு என்று மழவரையர் அவர்களை எல்லையிலேயே உட்கார வைத்தார்.

பூட்டிய வாசலுக்குள் பூங்காவனம் என்ற பெண் காய்ச்சலில் கிடந்தாள். அவள் அண்ணன் சாத்தப்பன், அரசவையில் விகடம் பேசிப் பிழைப்பவன். வாசலைத் திறக்கும்படி அவன் மழவரையரின் வீட்டுக்குப் போய்க் கெஞ்சினான்.

“தங்கைக்குக் காய்ச்சல் என்று சொல்லாதேயப்பா, அது ராஜத்துரோகம்” என்றார் மழவரையர். “சளி என்று சொல். சளிக்கு வைத்தியர் தேவையில்லை.”

மறுநாள் கருவேலி மன்னன் கண்டன் நல்ல களிப்பில் இருந்தான். நங்கை நட்ட கற்களைப் பற்றி யாரோ சொல்லியிருந்தார்கள். தன் மானக்கேட்டைத் தானே எண்ணி நட்டு வைத்திருக்கிறாளே என்று சிரித்தான்.

“நமக்கும் ஒரு தூண் வேண்டும், சாத்தப்பா. செத்தவர் ஒருவருக்கு ஓர் அடுக்கு. இரண்டு நாட்டுத் தூதர்களும் வந்து பார்க்கட்டும். எவ்வளவு குட்டையோ அவ்வளவு பெருமை.”

“செத்தவர் ஒருவருக்கு ஓர் அடுக்கு” என்று சாத்தப்பன் திருப்பிச் சொன்னான். “அப்படியே கட்டுகிறேன், அரசே.”

மூன்று செங்கல் போதுமா, சுண்ணாம்பும் வேண்டுமா என்று மழவரையர் கேட்டார். அவை சிரித்தது. சாத்தப்பனும் சிரித்தான். அவன் பிழைப்பு அது.

அவன் செங்கல் சூளைக்குப் போகவில்லை. ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்குப் போனான். கொள்ளி வைப்பவன் தோளில் நீர்க்குடம் சுமந்து சிதையைச் சுற்றி வருவான். கடைசியில் குடத்தைப் பின்னால் போட்டு உடைப்பான். குடம் சிதறினாலும் கழுத்து பெரும்பாலும் வளையமாக மிஞ்சும். பிணத்தை மூப்பு என்று சொல்லிவிடலாம். உடைந்த குடத்தை என்னவென்று சொல்வது?

அரண்மனை வாசலில் ஓலைத் தட்டிகள் எழுந்தன. மூன்று அடுக்குக்கு இவ்வளவு உயரமா என்று காவலர்கள் கேட்டார்கள். குட்டையான பொருளை உயரமாக மூடினால்தான் திறக்கும்போது வியப்பு வரும் என்றான் சாத்தப்பன். அரண்மனையில் அதற்குமேல் யாரும் எதையும் கேட்கும் வழக்கமில்லை.

தூதர்கள் வந்தார்கள். மன்னன் கை தட்டினான். தட்டிகள் விழுந்தன.

மூங்கிலோடு மூங்கில் வைத்துக் கட்டிய கம்பம். அடியிலிருந்து நுனிவரை கோத்த குடக்கழுத்துகள். அரண்மனை வாயிலின் உச்சியைத் தாண்டி நின்றது. காற்றடித்தபோது வளையங்கள் ஒன்றோடொன்று மெல்ல மோதின.

“என்னடா இது?” என்றான் மன்னன்.

“செத்தவர் ஒருவருக்கு ஓர் அடுக்கு, அரசே. இந்தக் கோடையில் நம் ஆற்றங்கரையில் உடைந்த குடங்கள்.”

“எல்லாமா?”

“இல்லை. வளையமாக மிஞ்சியவை மட்டும். சின்னக் குழந்தைகளுக்குக் குடம் உடைப்பதும் இல்லை, அரசே. அவர்கள் இதில் இல்லை.”

மழவரையர் பதறாமல் முன்னால் வந்தார். இவர்கள் யாரும் காய்ச்சலில் போனவர்கள் அல்லர், எல்லோரும் மூப்பினால் போனவர்கள் என்று தூதர்களுக்கு விளக்கினார். நம் நாட்டில் மக்கள் நிறைய மூப்படைகிறார்கள், அதுவே நல்லாட்சிக்கு அடையாளம் என்றார்.

மன்னன் அதைப் பற்றிக்கொண்டான். “அப்படியானால் நீரே அவிழ்த்து எடும். தூதர்கள் பார்க்க, உம் கையாலேயே ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கும்.”

மழவரையர் தூணைப் பார்த்தார். ஓரடி பின்னால் வைத்தார். இன்னும் ஓரடி. அவர் கை தானாக மேல்துண்டை இழுத்து மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டது.

சாத்தப்பன் பணிவாகக் கேட்டான்: “ஐயா, மூப்பு எப்போதிருந்து ஒட்டுவாரொட்டி ஆனது?”

முதலில் சிரித்தவர் மேலைநாட்டுத் தூதர். கீழைநாட்டுத் தூதர் சிரிக்கவில்லை, தன் ஊரை நினைத்திருப்பார். மன்னன் அடக்கப் பார்த்தான், முடியவில்லை. சிரித்து முடித்தபோது அவன் முகம் கறுத்திருந்தது. என்ன பரிசு வேண்டும் என்று கேட்டான். தென்சேரியின் சாவி என்றான் சாத்தப்பன்.

வாசல் திறந்தது. வைத்தியர்கள் நுழைந்தார்கள். பூங்காவனம் பிழைத்தாள். அடுத்த வீட்டுக்காரி பிழைக்கவில்லை. அவளுக்காகத் தூணில் ஓர் அடுக்கு ஏறியது. அதை மறைக்க இம்முறை யாரும் தட்டி கட்டவில்லை.

மழவரையர் பதவி இழந்தார். அதன்பின் நெடுங்காலம் வாழ்ந்து, பல்லெல்லாம் விழுந்து, பேரன் மடியில் கண்ணை மூடினார். மூப்பினால் இறந்தார் என்று பறையறைந்து சொன்னார்கள். ஊர் முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டது.