கதவை மூடினால் கத்தும் சைரன்

பாளையங்கோட்டையில் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகம். அங்கே குருவுக்கு வயது முப்பத்திரண்டு, பெயர் ஜெஸிந்தா. சீடருக்கு நாற்பத்தெட்டு, பெயர் இசக்கியப்பன்.

பதினோரு வருடம் வாடிக்கையாளர்களிடம் போனில் திட்டு வாங்கும் வேலையில் இருந்தவர் இசக்கியப்பன். கெஞ்சிக் கூத்தாடித்தான் நிரல் எழுதும் பக்கம் வந்திருந்தார். தனியாக அவரை நம்பிக் கொடுத்த முதல் வேலை, ஓர் ஐஸ்கிரீம் கம்பெனியின் சரக்கு வைக்கும் குளிர் அறையான கோல்ட் ரூம்.

கோல்ட் ரூம் கதவு திறந்து ஐந்து நிமிடத்துக்குள் மூடப்படாவிட்டால் சைரன் கத்த வேண்டும். அவ்வளவுதான். அதை ஒரு ரூலாக எழுதி, ரூல்களைப் பார்த்து நடத்தும் எஞ்சின் என்ற மென்பொருளிடம் ஒப்படைத்திருந்தார்.

மூன்று வாரத்தில் இரண்டு முறை ஐஸ்கிரீம் பாயசமாகிவிட்டது. நாளைக் காலை பத்து மணிக்கு நேரில் வருவதாக ஐஸ்கிரீம் கம்பெனி முதலாளி சொல்லியிருந்தார். அப்போதும் சைரன் சொதப்பினால் இசக்கியப்பன் பழையபடி போனடியில் போய் உட்கார வேண்டியதுதான்.

கோல்ட் ரூம் பொறுப்பாளர் செல்லக்கனி அம்மாளின் புகார் இன்னும் விசித்திரம்.

"தொறந்து கெடந்தா சத்தமே இல்ல சார். லாரியில ஏத்தி முடிச்சிட்டு மூடுதோம்லா, அப்பத்தான் கத்துது. காது வலிக்குன்னு நாங்க மூடுறதையே விட்டுட்டோம்."

இசக்கியப்பன் ஐந்து நிமிடத்தை நான்காக்கிப் பார்த்தார். நிமிடத்தை நொடிக் கணக்கில் எழுதிப் பார்த்தார். ரூலை முப்பத்தேழு முறை மாற்றினார். கடைசியில் மானிட்டருக்கு விபூதியும் பூசினார். எஞ்சின் எதற்கும் மசியவில்லை.

மதியச் சாப்பாடு முடிந்ததும் குருவிடம் போனார். ஜெஸிந்தா ரூலைக் காட்டச் சொல்லவே இல்லை. முப்பத்தேழு முறை எழுதியவருக்கு அது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. எஞ்சின் எப்படி வேலை செய்கிறது என்று மட்டும் குரு கேட்டார்.

"சேதி வந்தா முழிக்கும் மேடம். எல்லா ரூலையும் ஒரு தடவை பாக்கும். வேலை இருந்தா செய்யும். அப்புறம் அடுத்த சேதி வார வரைக்கும் தூக்கம்தான்."

"என்னென்ன சேதி வரும்?"

"கதவு தொறந்துட்டுன்னு ஒண்ணு. மூடிட்டுன்னு ஒண்ணு."

ஜெஸிந்தா எழுந்துகொண்டார். "நான் கீழ டீ குடிச்சிட்டு வாரேன். பத்து நிமிஷத்துல வரலன்னா வந்து கூப்பிடுங்கண்ணே."

சரி என்று இசக்கியப்பன் வாட்சைப் பார்த்தார். குரு அதைக் கழற்றி மேசைமேல் வைக்கச் சொன்னார். பிறகு கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். யாராவது கதவைத் தட்டினால் மட்டும் கண்ணைத் திறந்து மணி பார்க்கலாம், அதுவரை திறக்கவே கூடாது என்பது உத்தரவு.

குரு சொன்னால் அதில் ஏதாவது ஆழம் இருக்கும் என்று இசக்கியப்பன் கண்ணை மூடினார். மதியம் சாப்பிட்டது புளியோதரை. சற்று நேரத்தில் தலை தொங்கிவிட்டது. கதவை யாரும் தட்டவில்லை.

ஜெஸிந்தா நிதானமாக டீ குடித்தார். இரண்டு உளுந்தவடை தின்றார். டீக்கடைக்காரரின் மகளுக்கு எந்தக் காலேஜில் சேர்க்கை கிடைக்கும் என்று விசாரித்தார். பிறகு மேலே வந்து கதவைத் தட்டினார்.

இசக்கியப்பன் கண்ணைத் திறந்தார். வாட்சைப் பார்த்தார். நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. பதறியடித்து எழுந்தவர், செருப்புகூட மாட்டாமல், வாசலில் நின்ற குருவைத் தாண்டிக்கொண்டு ஓடினார். டீக்கடை முன்னால் நின்று "மேடம், மேடம்" என்று தெருவே கேட்கக் கூப்பிட்டார். அந்தம்மா இப்போதுதானே மேலே போனாங்க என்றார் கடைக்காரர்.

மூச்சிரைக்க அவர் திரும்பி வந்தபோது ஜெஸிந்தா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"பத்து நிமிஷத்துல கூப்பிடச் சொன்னேன்லா. ஏன் வரல?"

குருவிடம் இதுவரை கோபப்படாதவருக்கு அன்றைக்குக் கோபம் வந்துவிட்டது.

"கண்ண மூடிக்கிட்டு இருக்கவனுக்கு நேரம் போறது எப்படி மேடம் தெரியும்? நீங்க வரலங்கிறத சொல்லுததுக்கு ஒருத்தன் வந்து கதவத் தட்டுவானா? நிமிஷத்துக்கு ஒரு தடவை யாராச்சும் சும்மா தட்டி, மணியப் பாருன்னு எழுப்பியிருந்தா, பத்தாவது நிமிஷமே டீக்கடையில வந்து நின்னுருப்பேன்."

"உங்க ரூலும் மூணு வாரமா அதைத்தான் சொல்லிக் கத்திட்டுக் கெடக்குண்ணே" என்றார் குரு.