வேலை கேட்ட கல்

கல்லுக்கும் வாய் இருந்த காலம் அது. அந்தக் காலத்தில் ஒரு மலையடிவாரத்தில் மாசாணம் என்பவனும் அவன் மனைவி ஒச்சம்மாவும் புதிதாகத் தோட்டம் போட்டார்கள். கத்திரியும் அவரையும் வைக்க நிலத்தைக் கொத்தினால், மண்வெட்டி பட்ட இடமெல்லாம் கல். வெளியே வந்த ஒவ்வொரு கல்லும் ஒன்றைத்தான் கேட்டது.

"எனக்கு என்ன வேலை?"

ஒச்சம்மா சலிக்கவில்லை. மூன்றை அடுப்புக்கு வைத்தாள். தட்டையானதைத் துணி துவைக்கப் போட்டாள். சொரசொரப்பானதில் அரிவாள் தீட்டினாள். பொடிக்கற்களை, மண் அரிக்காமலிருக்க வாய்க்கால் கரையில் பதித்தாள். வேலை கிடைத்த கற்கள் தங்களுக்குள் மெல்லப் பேசிக்கொண்டு கிடந்தன.

கடைசியாக ஒரு கல் வந்தது. குழந்தைத் தலையளவு உருண்டை. எங்கே வைத்தாலும் உருண்டு விழுந்தது. மாசாணம் போன இடமெல்லாம் பின்னாலேயே உருண்டு வந்து, "எனக்கு என்ன வேலை?" என்றது. நான்காம் நாள் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"உனக்கு ஒரு வேலையும் கிடையாது. வந்த இடத்துக்கே போ" என்று குழி தோண்டி, அதைப் போட்டு மூடி, மேலே ஏறி மிதித்தான்.

மறுநாள் உச்சிவேளை. இருவரும் குடிசைக்குள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒச்சம்மா, இங்கே கொஞ்சம் வா."

தோட்டத்திலிருந்து கூப்பிட்டது மாசாணத்தின் குரல். மாசாணமோ அவள் எதிரில் உட்கார்ந்திருந்தான். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வெறும் காற்றுதான் வந்தது. தொண்டையைத் தடவிப் பார்த்தான். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினான்.

அவன் தோண்டத் தோண்டக் குரல் கீழே கீழே போனது. கழுத்தளவு ஆழத்தில் பக்கத்து மண் சரிந்து அவனை மூடியது. பின்னால் ஓடிவந்த ஒச்சம்மாவுக்கு ஒரு கை மட்டும் வெளியே தெரிந்தது. பிடித்து இழுத்தாள். மண் விடவில்லை.

"உனக்கு என்னதான் வேணும்?" என்று மண்ணைப் பார்த்துக் கேட்டாள்.

"வேலை" என்றது கல், அவள் புருஷன் குரலில்.

"தோட்டத்து எல்லையில் காவல் நில். ஆனால் காவல் நிற்கிறவன் வாய் திறக்கக் கூடாது. நீயும் சரி, உன் இனமும் சரி. என் புருஷனை விட்டுவிடு."

வாய்க்கால் கரையில் முணுமுணுத்துக்கொண்டிருந்த கற்கள் சட்டென்று அடங்கின.

"நான் வாயை மூடினால் இவன் குரலும் எனக்குள்ளேயே தங்கிவிடும். சம்மதமா?"

அவள் பிடித்திருந்த கை குளிர்ந்துகொண்டு வந்தது.

"சம்மதம்" என்றாள்.

மண் பொங்கி மாசாணத்தை மேலே தள்ளியது. அவன் மூச்சு விட்டான். பக்கத்தில் கல் கிடந்தது. ஒச்சம்மாவே அதைத் தூக்கிக்கொண்டு போய் எல்லையில் நட்டாள்.

மாசாணம் நெடுங்காலம் உயிரோடு இருந்தான். ஒருநாளும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அவள் எப்போதாவது எல்லைக்குப் போய்க் கல்லின்மேல் காதை வைப்பாள். உள்ளே யாரோ பேச முட்டுவது போலிருக்கும். எழுந்து வந்துவிடுவாள்.

அன்றைக்கு அடைத்த வாயைக் கல் இதுவரை திறக்கவில்லை. எத்தனை பொறுக்கினாலும் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் தோட்டத்தில் புதுக்கல் தலைநீட்டுவதும், கொத்துகிறவர்கள் அதைத் திரும்பப் புதைக்காமல் எல்லையில் கொண்டுபோய் வைப்பதும் அந்த நாளிலிருந்துதான்.