கூட்டல் குறி உள்ள முகவரி

“மேடம், இனிமே ஒரு தப்பான மின்னஞ்சல் முகவரிகூட உள்ள நுழையாது!”

சொன்ன சுயம்புவின் முகத்தில் முதல் பிள்ளை பெற்ற தகப்பனின் பூரிப்பு.

நாற்பத்தெட்டு வயதில் கணினி நிரல் கற்க வந்தவர். கற்றுக்கொடுக்கும் ஜெபமலர் அவருக்குத் தங்கை வயதுக்காரி.

நாகர்கோவிலில் ஒரு பெண்கள் விடுதிக்கு இருவரும் விண்ணப்பத் தளம் செய்து கொடுத்திருந்தார்கள். வருகிற முகவரியை எழுத்தெழுத்தாகச் சோதித்துச் சரி, தப்பு என்று சொல்லும் ரெஜெக்ஸ் ஒன்றைச் சுயம்பு எழுதி, காலையில்தான் ஏற்றியிருந்தார். ஒரே வரிதான். அது முடிகிற இடத்தைப் பார்க்கத் திரையை உருட்டிக்கொண்டே போக வேண்டும்.

ஜெபமலர் உருட்டிப் பார்த்தாள்.

மதியம், தளத்தில் போட்டிருந்த விலாசத்தை விசாரித்துக்கொண்டு ஒரு அம்மாள் அவர்கள் அலுவலகத்துக்கு மூச்சிரைக்கப் படியேறி வந்தாள்.

“அண்ணே, விடுதிக்கு இன்னைக்குத்தான் கடைசி நாள். என் முகவரி தப்புன்னே சொல்லுது. இடம் கிடைக்கலன்னா மகளைக் காலேஜுக்கு அனுப்ப முடியாது.”

முகவரி எழுதி அவள் நீட்டிய சீட்டைச் சுயம்பு வாங்கிப் பார்த்தார்.

“பேருக்கு நடுவுல என்னம்மா கூட்டல் குறி? இப்படி ஒரு முகவரியே கிடையாது.”

“மகளுக்கு வர்றது தனியாத் தெரியணும்னு என் தம்பி போட்டுக் குடுத்தான். காலேஜ்ல சீட்டு கிடைச்ச சேதியே இதுலதானே வந்துச்சு?”

“வந்திருக்க முடியாதும்மா” என்றார் சுயம்பு, மிகுந்த பரிவோடு.

அந்த அம்மாளின் கண் கலங்கிவிட்டது. சுயம்புவுக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும், பார்த்துப் பார்த்து எழுதிய வரி எப்படித் தப்பாகும்? ஜெபமலரைப் பார்த்தார்.

அவள் சுயம்புவின் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். அந்த முகவரிக்கு, சுயம்புவின் பெயரிலேயே, ஒரே ஒரு வார்த்தையை எழுதி அனுப்பினாள்.

அம்மாளின் பைக்குள் செல்போன் ஒலித்தது. எடுத்து மூக்கருகே வைத்துப் படித்தாள். நிமிர்ந்து சுயம்புவைப் பார்த்தாள்.

“இல்லண்ணே. இன்னும் சாப்பிடல.”

சுயம்புவை வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்து தன் நாற்காலியில் அவளை உட்கார வைத்தார். நின்றபடியே குனிந்து, ஆசை ஆசையாய் எழுதிய வரியைத் தலையிலிருந்து வால்வரை அழித்தார்.

விண்ணப்பம் உள்ளே போயிற்று.

“மேடம், அந்த இடத்துல இப்ப நான் என்ன எழுதட்டும்?”

ஜெபமலர் தன் டிபன் பாக்ஸை அந்த அம்மாள் பக்கம் நகர்த்தினாள்.

“அந்த முகவரிக்கே எழுதிக் கேளுங்கண்ணே. பதில் வருதான்னு பாருங்க.”