மக்கள் அதிகம் தொட்ட கதவு

வெள்ளாற்றூர் மன்னர் மகுடவர்மருக்கு ஒரு நாள் திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது. மன்னருக்குச் சந்தேகம் வந்தால் ஊருக்குத்தானே வேலை!

அரண்மனை முற்றத்தில் மக்களுக்காகப் பன்னிரண்டு அறைகள் இருந்தன. மருந்து வாங்க ஓர் அறை, முறையிட ஓர் அறை, தொலைந்த மாட்டைத் தேடித் தர ஓர் அறை, இப்படி.

"இவற்றில் மக்களுக்கு அதிகம் பிடித்தது எது?" என்று சபையில் கேட்டார் மன்னர்.

முறையீட்டு அறைக்குப் பொறுப்பான அமைச்சர் விருத்தகிரி எழுந்தார். "வாயைக் கேட்டால் பொய் சொல்லும், அரசே. கை சொல்லாது. வாசலில் ஓர் அண்டா நிறையச் செங்காவிக் குழம்பு வைப்போம். வருகிறவர்கள் கையை முக்கிக்கொண்டு உள்ளே வரட்டும். எந்தக் கதவில் தடம் அதிகமோ, அதுதான் பிடித்த அறை."

ஒரு வாரம் ஊரே சிவப்பாகத் திரிந்தது. மாட்டைத் தேடி வந்தவர் சிவப்பு மாட்டை ஓட்டிக்கொண்டு போனார். மன்னரே மறந்துபோய் மூக்கைச் சொறிந்துவிட்டார். நாள் முழுக்கச் சிவந்த மூக்கோடு நீதி வழங்கினார்.

கூரையிலும் நாற்பது தடங்கள் இருந்தன. "மக்கள் கூரை வழியாக வர ஆசைப்படுகிறார்கள்" என்று குறித்துக்கொண்டார் விருத்தகிரி.

"அது குரங்கு, ஐயா" என்றான் அரண்மனை விகடகவி கொண்டல். மன்னரிடம் பயப்படாமல் பேசக்கூடிய ஒரே ஆள் அவன்தான்.

"குரங்கு மட்டும் நம் குடி இல்லையா?" என்று முறைத்தார் அமைச்சர்.

வாரக் கடைசியில் சபையில் பெரிய துணிப்படம் ஒன்று தொங்கியது. அதிகம் தொட்ட இடம் சிவப்பு, கொஞ்சம் தொட்டது மஞ்சள், தொடாதது நீலம். விருத்தகிரியின் கதவு மிளகாய்ப் பழம்போல் சிவந்திருந்தது. மருத்துவச்சி செங்கமலத்தின் கதவோ பளிச்சென்று நீலம்.

"மருந்து அறையை நாளை மூடுங்கள்! எல்லாக் கதவையும் விருத்தகிரியின் கதவு மாதிரியே மாற்றுங்கள்!" என்று ஆணையிட்டார் மன்னர்.

செங்கமலம் ஓடோடி வந்தாள். "கொண்டலண்ணே, தினமும் நூறு பேர் வருகிறார்கள். என் கதவு எப்போதும் திறந்தே கிடக்கிறது. அதை யார் தொடுவார்கள்? அறையை மூடிவிட்டால் காய்ச்சல்காரர்கள் எங்கே போவார்கள்?"

கொண்டல் படத்தை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு நேரே மன்னரிடம் போனான்.

"அரசே, இவ்வளவு அன்பு வாங்கிய கதவு! ஆணையை நீங்களே கொண்டுபோய் அமைச்சரிடம் கொடுத்தால் எவ்வளவு அழகாக இருக்கும்!"

மன்னருக்கு அது பிடித்திருந்தது. மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்ததும் இருவரும் கிளம்பினார்கள். சட்டப்படி மன்னரும் அண்டாவில் கை முக்கினார்.

கதவைத் தட்டினார். உள்ளிருந்து குறட்டைச் சத்தம் வந்தது.

மறுபடி தட்டினார். இரண்டு கையாலும் தட்டினார். கொண்டல் கையோடு கொண்டுவந்த துணிப்படத்தைச் சுவரில் மாட்டி, ஒரு தூரிகையோடு அதன் முன் நின்று எண்ணினான்.

"பதினேழு... பதினெட்டு... ஆகா, அரசருக்கு இந்தக் கதவின்மேல் என்ன ஒரு பிரியம்!"

மன்னர் உதைத்தார்.

"கால் தடத்தையும் சேர்த்துக்கொள்கிறேன், அரசே. முப்பத்தொன்பது."

மன்னர் நெற்றியால் முட்டினார். பிறகு திரும்பி, "பிரியமா? கதவு திறக்கவில்லை, அடே!" என்று கத்தினார்.

"போன வாரம் இந்தக் கதவைத் தட்டிய முந்நூறு பேரும் அதையேதான் சொன்னார்கள், அரசே. படத்தில் அதற்கு ஒரு நிறம் இல்லை."

மன்னர் தன் கைகளைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். ஆணையை நான்காகக் கிழித்தார்.

அந்த நேரம் பார்த்துத் தாழ்ப்பாள் விலகியது. கொட்டாவி விட்டபடி விருத்தகிரி தலையை நீட்டினார். கதவில் வழியும் ஈரத் தடங்களை எண்ணிப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது.

"பார்த்தீர்களா அரசே! இன்று ஒரே ஆள் நாற்பது தடவை தொட்டிருக்கிறான்! தலையாலேயே கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறான், பாவம்!"

சிவந்த நெற்றியோடு மன்னர் சிரித்த சிரிப்பில் முற்றத்துப் புறாக்கள் எல்லாம் பறந்துபோயின. அன்று மாலையே அமைச்சரின் கதவைக் கழற்றிக் கொண்டுபோய், செங்கமலத்தின் நோயாளிகள் உட்காரப் பலகையாகப் போட்டார்கள்.