காம்பைக் காத்த குளவி

ஒரு காட்டில் ஓடைக் கரையோரம் ஒரு புங்க மரம் இருந்தது. அதன் தாழ்ந்த கிளை ஒன்றில் ஒரு குளவிக் குடும்பம் குடியிருந்தது. அவை கட்டியது மண் கூடு அல்ல. காய்ந்த மரப்பட்டையைச் சுரண்டி, எச்சிலோடு சேர்த்து மென்று, காகிதம் போல மெல்லிசாகக் கட்டிய கூடு. கவிழ்த்து வைத்த தட்டு போல, ஒரே ஒரு மெல்லிய காம்பில் கிளையிலிருந்து தொங்கியது.

கூட்டில் ஐம்பது அறைகள். அறைக்கு ஒரு பிள்ளை. குளவியின் பிள்ளைக்குக் காலும் கிடையாது, சிறகும் கிடையாது. வெள்ளையாக, கொழுகொழுவென்று, தலையை மட்டும் நீட்டிச் சாப்பாட்டுக்குக் காத்திருக்கும்.

தாய்க் குளவி சாதுவானது. முட்டையிடும், அறை அறையாக நடந்து பார்க்கும். யாரையும் அதட்டாது, யாருக்கும் வேலை சொல்லாது. அதன் மகள்கள் இருபதும் தங்களுக்குள்ளேயே வேலையைப் பிரித்துக்கொண்டன.

அவற்றில் செங்காலி என்ற குளவிதான் வேட்டையில் கெட்டி. மற்றவை ஒரு பச்சைப்புழுவைக் கொண்டுவரும் நேரத்தில் செங்காலி மூன்றைக் கொண்டுவரும். அதைப் பற்றி அதற்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

கருவரி என்ற குளவி செங்காலிக்கு ஒரு வாரம் மூத்தது. அது வேட்டைக்கே போகாது. கூட்டின் காம்பில் உட்கார்ந்து, வயிற்றின் அடிப்பக்கத்தைக் காம்பில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருக்கும். வயிற்றிலிருந்து கசியும் நீர் காம்பில் படிந்து கறுப்பாக மினுங்கும். அந்த வாடை எறும்புகளுக்கு ஆகாது. ஆனால் வெயிலிலும் காற்றிலும் அது சீக்கிரம் உலர்ந்துவிடும். அதனால் கருவரி காலையிலும் தேய்த்தது, மதியமும் தேய்த்தது, சாயங்காலமும் தேய்த்தது.

அதே மரத்தின் உச்சியில், இலைகளைச் சேர்த்துத் தைத்த வீட்டில் முசுறுகள் இருந்தன. முசுறு என்பது சிவப்பு எறும்பு. கடித்தால் லேசில் விடாது. முசுறுகளுக்கு வேவு பார்த்து வந்தது கூர்வாய் என்ற எறும்பு. குளவிகள் வேட்டைக்குப் பறந்துபோனதும் கூர்வாய் தினமும் கிளை வழியாக இறங்கி வரும். காம்புக்குப் பக்கத்தில் நின்று உணர்கொம்பை நீட்டிப் பார்க்கும். வாடை அடிக்கும். திரும்பிப் போய்விடும்.

கருவரி அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. வந்தது, போனது, அவ்வளவுதான் என்று தன் வேலையைத் தொடரும்.

அந்த ஆண்டு மழை தள்ளிப்போயிற்று. செடிகள் வாடின. பச்சைப்புழுக்கள் குறைந்தன. காலையில் போன குளவிகள் மதியம் வெறும் வாயோடு திரும்பின. அறைகளில் பிள்ளைகள் மெலிந்தன. முசுறுகளின் வீட்டிலும் பிள்ளைகளுக்குப் பசிதான்.

ஒரு நாள் நுணாச் செடி ஒன்றில் செங்காலி ஒரு கொழுத்த புழுவைக் கண்டது. பாய்ந்து இறங்கியபோது, புழுவின் மறுமுனையைக் கூர்வாய் கவ்விக்கொண்டிருந்தது. செங்காலி கொடுக்கை நீட்டியது.

கூர்வாய் உடனே பிடியை விட்டது. "நீயே எடுத்துக்கொள். நீ எத்தனை பேருக்குச் சோறு போடுகிறாய் என்று எனக்குத் தெரியும்" என்றது.

இரையை விட்டுக்கொடுக்கும் முசுறைச் செங்காலி அதுவரை பார்த்ததில்லை. "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டது.

"ஒரே மரத்தில்தானே இருக்கிறோம். நீ ஓடி ஓடிக் கொண்டுவருவதைத் தினமும் பார்க்கிறேன். பாவம், காம்பிலேயே உட்கார்ந்திருக்கிறதே ஒரு குளவி, அதற்கு உடம்பு சரியில்லையா?"

"உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது."

"அப்படியா? சிறகும் ஒடியவில்லையா?" என்று கேட்டுவிட்டுக் கூர்வாய் தன் வழியே போயிற்று.

செங்காலி புழுவைத் தூக்கிக்கொண்டு பறந்தது. கூட்டை அடையும்வரை அந்தப் பேச்சு அதன் மனதைக் குடைந்துகொண்டே இருந்தது.

கூட்டுக்கு வந்ததும் அது நேரே காம்புக்குப் போனது. "அக்கா, நாளைக்கு நீயும் வேட்டைக்கு வா" என்றது.

"நான் வந்தால் காம்பை யார் பார்ப்பது?"

"காம்பில் பார்க்க என்ன இருக்கிறது?"

"எறும்பு வரும்."

"இதுவரை எத்தனை எறும்பு நம் கூட்டுக்குள் வந்திருக்கிறது?"

கருவரி யோசித்தது. "ஒன்றுகூட இல்லை. ஒரே ஒரு முசுறு மட்டும் தினமும் காம்புப் பக்கம் வந்து திரும்பிப் போகிறது."

"திரும்பித்தானே போகிறது? வராத எறும்புக்காக நீ உட்கார்ந்திருக்கிறாய். பசித்த பிள்ளைகள் இங்கே வாயைத் திறந்துகொண்டு கிடக்கின்றன."

மற்ற குளவிகளும் சுற்றி வந்து நின்றன. அவையும் களைத்திருந்தன. "செங்காலி கேட்பது நியாயந்தானே" என்றது ஒன்று. மற்றவை தலையாட்டின. தாய்க் குளவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு வழக்கம்போல அறை அறையாக நடந்து பார்க்கப் போய்விட்டது.

"காலையில் ஒரு முறையாவது தேய்த்துவிட்டு வருகிறேன்" என்றது கருவரி.

"அந்த நேரத்தில் ஒரு புழு பிடிக்கலாம், அக்கா."

கருவரி மெலிந்து கிடந்த பிள்ளைகளைப் பார்த்தது. அதற்கு மேல் வாதாட அதற்கு மனம் வரவில்லை. மறுநாள் காலையில் மற்றவற்றோடு பறந்தது.

முதல் நாள் கருவரிக்கு ஒரு சிறிய புழு கிடைத்தது. இரண்டாம் நாள் இரண்டு. மூன்றாம் நாள் கடைசி வரிசைப் பிள்ளைகளுக்கும் வயிறு நிறைந்தது. "பார்த்தாயா அக்கா, ஒன்றும் ஆகவில்லையே" என்றது செங்காலி.

கூர்வாயும் அந்த மூன்று நாளும் வந்தது. முதல் நாள் காம்பில் வாடை கொஞ்சம் மிச்சமிருந்தது. இரண்டாம் நாள் ஒரு காலைக் காம்பில் வைத்துப் பார்த்து எடுத்துக்கொண்டது. மூன்றாம் நாள் காம்பின் மினுமினுப்பு போய்விட்டிருந்தது. கூர்வாய் காம்பில் இறங்கி, தாய்க் குளவியின் கண்ணில் படாமல் கூட்டின் விளிம்பு வரை நடந்து, பிள்ளைகளை எண்ணிவிட்டுத் திரும்பியது.

நான்காம் நாள் உச்சி வெயிலில் செங்காலி வாயில் புழுவோடு வந்தது. தூரத்திலிருந்து பார்க்கும்போது காம்பு சிவப்பாகத் தெரிந்தது. நெருங்கியதும் அந்தச் சிவப்பு அசைந்தது.

புழுவைப் போட்டுவிட்டுச் செங்காலி பாய்ந்தது. ஒரு முசுறைக் கொட்டியது. அது விழுந்த இடத்தில் மூன்று வந்தன. ஒன்று அதன் காலைக் கவ்வியது, இன்னொன்று சிறகின் ஓரத்தை. திரும்பி வந்த குளவிகள் ஒவ்வொன்றாகச் சண்டையில் இறங்கின. மேலேயிருந்து இறங்கிய வரிசைக்கு முடிவே தெரியவில்லை. அறைகளிலிருந்து பிள்ளைகளை இழுத்து, வாயில் கவ்வி, முசுறுகள் மரத்தில் ஏறிக்கொண்டிருந்தன. ஓடுவதற்குப் பிள்ளைகளுக்குக் கால் இல்லை.

கருவரி வந்ததும் சண்டையைப் பார்த்து நிற்கவில்லை. கூட்டின் ஓரத்தில் ஒண்டியிருந்த தாயிடம் போனது. "அம்மா, பறந்து வா" என்றது.

"முட்டைகள் இருக்கின்றன."

"நீ இருந்தால் முட்டையிடலாம். வா."

தாய்க் குளவி பறந்தது. ஒன்பது குளவிகள் அதன் பின்னால் பறந்தன. கடைசியாக வந்தது செங்காலி. மற்றவை சண்டையில் மாண்டன.

போகும்போது கிளையில் நின்ற கூர்வாயைச் செங்காலி பார்த்துவிட்டது. "நீ என்னை ஏமாற்றினாய்" என்றது.

"நான் ஒரு பொய்யும் சொல்லவில்லையே. உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். அவ்வளவுதான். உன் அக்கா வெட்டியாக இருக்கிறது என்று முடிவு செய்தது நீ" என்றது கூர்வாய். பிறகு வரிசையில் சேர்ந்துகொண்டது.

ஓடையின் மறுகரையில் ஒரு பாறை இடுக்கில் குளவிகள் ஒதுங்கின. இரண்டு நாள் கடிபட்ட காலையும் சிறகையும் நீவிக்கொண்டு அங்கேயே கிடந்தன. கருவரி யாரையும் குறை சொல்லவில்லை. அதுவே செங்காலியின் மனதுக்கு இன்னும் பாரமாக இருந்தது.

மூன்றாம் நாள் தாய்க் குளவி மரப்பட்டையைச் சுரண்டி மென்று பாறையில் ஒட்டியது. சிறிய காம்பு ஒன்று நீண்டது. முதல் அறை கட்டி முடிவதற்குள் கருவரி அந்தக் காம்பில் போய் உட்கார்ந்து தேய்க்கத் தொடங்கியது.

செங்காலி வேட்டைக்குப் போனது. நெடுநேரம் அலைந்து ஒரே ஒரு புழுவோடு திரும்பியது. கூட்டில் ஊட்டுவதற்கு இன்னும் பிள்ளைகள் இல்லை. மற்ற குளவிகள் பசியோடு அதைச் சூழ்ந்துகொண்டன. செங்காலி அவற்றை விலக்கிக்கொண்டு காம்புக்குப் போனது. புழுவில் ஒரு துண்டைக் கிள்ளி முதலில் கருவரியின் முன்னால் வைத்தது.

"சாப்பிடு, அக்கா. நீ இறங்கி வர வேண்டாம். நான் இங்கேயே கொண்டுவந்து தருகிறேன்" என்றது.

நீதி: தீங்கு வராமல் காப்பவரின் உழைப்பு கண்ணுக்குத் தெரியாது, தெரியவில்லை என்பதால் அது உழைப்பு இல்லை என்று ஆகிவிடாது.