எட்டுக்குத் தடை போட்ட ராஜா

கொன்றைமாநகர் ராஜா மகுடவர்மனுக்கு எட்டு என்றாலே ஆகாது. ஜாதகத்தில் எட்டாம் இடம் சரியில்லை என்று எவனோ சொல்லி வைத்தான், அன்றைக்குப் பிடித்த பயம். அரண்மனைப் பண்டிதர் வித்யாபூஷணர் சும்மா இருப்பாரா?

"எண்ணெல்லாம் மனுஷன் கட்டிவிட்ட கற்பனை, மகாராஜா. கட்டியவன் இடிக்கக் கூடாதா? எட்டை ஒழித்துவிடுங்கள்!" என்று தூபம் போட்டார்.

மறுநாளே தண்டோரா. இனி ஏழுக்கு அப்புறம் ஒன்பதுதானாம். எட்டைப் புழங்குகிறவன் தொழிலையே விட்டுவிட வேண்டுமாம்!

முதலில் மாட்டியது யார் தெரியுமா? பாவம், மிருதங்கக்காரர் பக்கிரி. கோயிலில் ஆதி தாளம் வாசித்தார். அது எட்டு எண்ணிக்கைத் தாளம் ஆயிற்றே! கையைக் கட்டிச் சபைக்கு இழுத்து வந்துவிட்டார்கள்.

"மிருதங்கத்தைத் தொடாமல் நான் எப்படி இருப்பேன் சாமி?" என்று மனுஷன் ஓவென்று அழுதார்.

மந்திரி அழகாத்திரிக்குப் பொறுக்கவில்லை. பக்கிரி வாசிப்பென்றால் அவருக்கு உயிர். ஆனால் ராஜாவிடம் நேராக மோதினால் காரியம் கெட்டுவிடும். எழுந்து பவ்யமாகக் கும்பிட்டார்.

"மகாராஜா, ஒரே ஒரு சந்தேகம். எட்டைக் கொண்டுவந்தது பக்கிரிதானா? அவர் கை கட்டியே கிடக்கட்டும். அதே பாட்டை நம் வடிவாம்பாள் பாடட்டும். அவர் கை படாமல் எட்டு வராவிட்டால் குற்றவாளி அவர்தான், தண்டியுங்கள்."

"ஆகட்டும்!" என்றார் ராஜா. பாட்டென்றால் அவருக்குக் கசக்குமா?

அரண்மனைப் பாடகி வடிவாம்பாள் எடுத்தாள் பாருங்கள் ஒரு கல்யாணி! சபையே சொக்கிப்போனது. ராஜா கண்ணை மூடிவிட்டார்.

"பிடியுங்கள் திருடனை!" என்று திடீரென்று கத்தினார் அழகாத்திரி.

ராஜா திடுக்கிட்டுக் கண் திறந்தார். அழகாத்திரியின் விரல் அவர் தொடையைத்தான் காட்டியது. அங்கே ராஜாவின் வலது கை தன்பாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தது: ஒரு தட்டு, மூன்று விரல், தட்டித் திருப்பு, தட்டித் திருப்பு. சாட்சாத் ஆதி தாளம்! அந்தப் பக்கம் வித்யாபூஷணரின் கையும் திருப்பினபடி அந்தரத்தில் நின்றது.

பண்டிதர் சட்டென்று கையை மடக்கிக்கொண்டார். "தாளமும் மனுஷன் கட்டியதுதானே!" என்று சீறினார்.

"ஆமாம் சுவாமி," என்றார் அழகாத்திரி. "நாலு, ரெண்டு, ரெண்டு என்று அடுக்கியது நாம்தான். எட்டு என்று பேர் வைத்ததும் நாம்தான். ஆனால் அடுக்கி முடித்ததும் வந்து நிற்கிறதே ஒன்று, அது யாரைக் கேட்டு வந்தது? மகாராஜா தடை போட்டும் மகாராஜா தொடையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டதே!"

ராஜா தன் கையைப் பார்த்தார். பண்டிதரின் முகத்தைப் பார்த்தார். அடக்க முடியாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"அவிழ்த்து விடுங்கடா!"

"யாரை மகாராஜா, பக்கிரியையா, எட்டையா?" என்றான் காவலன்.

"ரெண்டு பேரையும்தான்! சீக்கிரம், பாட்டு பாதியில் நிற்கிறது!"